இரண்டு சவப்பெட்டிகளோடு கண்டிச் சீமைக்கு வந்த ஜூலியா!

1875 அக்டோபர் மாதம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகம். இலங்கைக்குப் போகும் கப்பலில் ஏற ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள். கணவருக்கு 80 வயது, மனைவிக்கு 60. மூட்டை முடிச்சுகளோடு ஒரு பசுமாடும் வந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சாமான்களோடு சாமான்களாக இரண்டு சவப்பெட்டிகள்!

போகிற ஊரில் நல்ல பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ, எதற்கும் இருக்கட்டும் என்று கையோடு கொண்டுவந்துவிட்டார்களாம். பெட்டிகள் காலியாகவா போக வேண்டும் என்று உள்ளே பீங்கான் தட்டுகளையும் கண்ணாடிச் சாமான்களையும் அடுக்கியிருந்தார்கள். சுமை தூக்கியவர்களுக்குக் கொடுக்கக் கையில் சில்லறை இல்லை. அந்த அம்மாள் தான் எடுத்த புகைப்படங்களை ஆளுக்கொன்றாக எடுத்து நீட்டினார். அந்தப் படங்களின் பிரதிகள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அந்த அம்மாளின் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரூன். புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் அவருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் முடியாது. சவப்பெட்டிக் கதையை உலகத்துக்குப் பரப்பியவர் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப். வுல்ஃபின் அம்மாவுக்கு ஜூலியா பெரியம்மா முறை. வுல்ஃபின் அக்கா வனெஸா பெல் புகழ்பெற்ற ஓவியர். கலையும் எழுத்தும் ஊறிய குடும்பம்.

இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆனால் அவரது கல்லறை அங்கே இல்லை. இலங்கை மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்தின் பொகவந்தலாவையில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களில் ஒலிக்கும் மொழி தமிழ். அதில் மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து வாடை இன்னும் போகவில்லை.

பாண்டிச்சேரிப் பாட்டியின் பேத்தி

ஜூலியா பிறந்தது 1815-ல், கல்கத்தாவில். அப்பா ஜேம்ஸ் பாட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய அதிகாரி. அம்மா அட்லைன் பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அம்மாவைப் பெற்ற பாட்டி தெரஸ் பிறந்தது நம் பாண்டிச்சேரியில். அந்தப் பாட்டி வழியில் இந்திய ரத்தமும் கலந்திருக்கிறது என்று அதே குடும்ப வழியில் வந்த வரலாற்றாசிரியர் வில்லியம் டால்ரிம்பிள் எழுதியிருக்கிறார்.

ஜூலியாவும் அவரது சகோதரிகளும் லண்டனுக்குப் போன பிறகும் தங்களுக்குள் ஹிந்துஸ்தானியில்தான் பேசிக்கொள்வார்களாம். விருந்துகளில் இந்தியச் சால்வை போர்த்திக்கொண்டு போய் நிற்பார்களாம். அந்தக் காலத்து லண்டன் சீமாட்டிகள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1838-ல் கல்கத்தாவில் சார்லஸ் ஹே கேமரூனை மணந்தார். அவர் சட்ட அறிஞர், ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். இவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மெக்காலே தலைமையில் இந்தியத் தண்டனைச் சட்டத்தை வரைந்த ஆணைக்குழுவில் சார்லஸ் ஓர் உறுப்பினர். 1837-ல் அவர்கள் முடித்த வரைவு, திருத்தங்களோடு 1860-ல் சட்டமானது. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-ல் வரும்வரை மதுரைக் கோர்ட்டில் ஓடியது அந்தச் சட்டம்தான். '420' என்று நாம் ஆளைத் திட்டுவதும் அந்தச் சட்டத்தின் பிரிவை வைத்துத்தான். பொகவந்தலாவையில் ஜூலியாவோடு அடக்கமாகியிருப்பவர் இந்த சார்லஸ்.

48 வயதில் ஒரு கேமரா

1848-ல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860-ல் வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டர் கிராமத்தில் இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்துக்கொண்டார்கள். இலங்கையில் தங்களுக்கிருந்த எஸ்டேட்டின் நினைவாக வீட்டுக்கு 'டிம்போலா' என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டென்னிசன்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அம்மாவுக்குத் தனிமையில் பொழுது போகட்டும் என்ற எண்ணம். அப்போது ஜூலியாவுக்கு 48 வயது. பேரன் பேத்தி எடுக்கும் வயதில் புதிதாக ஒரு தொழில் கற்றுக்கொள்வதா என்று அவர் தயங்கவில்லை. கோழிக்கூட்டைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினார். கரி போட்டுவைக்கும் அறை இருட்டறை ஆனது.

அன்றைய புகைப்பட வேலை இன்று நம் போனில் விரலால் தட்டுவது மாதிரி கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினை வழியவிட்டுப் பூச வேண்டும். அதை இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகி, எதிரில் இருப்பவரை நிமிடக்கணக்கில் அசையாமல் உட்காரவைத்து, படம் எடுத்த கையோடு ஓடிப்போய் மருந்தில் கழுவ வேண்டும். பிறகு முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் வெயிலில் வைத்து அச்செடுக்க வேண்டும். ஜூலியாவின் விரல்களும் உடைகளும் எப்போதும் கறுத்துக் கிடக்கும்.

அவர் படங்கள் கொஞ்சம் மங்கலாக இருக்கும். அன்றைய புகைப்படக்காரர்கள் அதைக் கேலி செய்தார்கள், இந்த அம்மாளுக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியவில்லை என்று எழுதினார்கள். ஓவியர்களோ கொண்டாடினார்கள். ஜி.எஃப்.வாட்ஸ் என்ற பெரிய ஓவியர் அவருக்கு நண்பராகவும் ஆசானாகவும் இருந்தார். முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, பின்னணியில் ஒன்றுமே கிடையாது. பழைய இத்தாலிய ஓவியங்களைப் போல இருக்கும். டென்னிசன், டார்வின், வானியலாளர் ஜான் ஹெர்ஷல், கார்லைல் என்று அந்தக் காலத்துப் பெரிய தலைகள் எல்லாம் அவர் கேமரா முன்னால் உட்கார்ந்தன. டார்வினுக்குத் தன்னை எடுத்த படங்களிலேயே இதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

பெரிய மனிதர்களை மட்டும் அவர் எடுக்கவில்லை. வீட்டு வேலைக்காரப் பெண்களையும் பிடித்து உட்காரவைத்தார். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண் படத்துக்குப் படம் மாதாவாக வருவார். இன்னொருவர் மேரி ரயன். லண்டன் பக்கம் அம்மாவோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த அயர்லாந்துச் சிறுமி. ஜூலியா அவளை வீட்டுக்கு அழைத்துவந்து வளர்த்துப் படிக்கவைத்தார். ஒரு கண்காட்சியில் அவளையும் அவள் படத்தையும் பார்த்து மனதைப் பறிகொடுத்தார் ஹென்றி காட்டன் என்ற இளைஞர். 1867-ல் கல்யாணம். காட்டன் இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி. அஸ்ஸாமின் தலைமை ஆணையராக இருந்தபோது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியை உயர்த்த வேண்டும் என்று முதலாளிகளோடு மோதியவர். ஓய்வுக்குப் பின், 1904-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். பிச்சைக்காரச் சிறுமி, சர் ஹென்றியின் மனைவி லேடி காட்டன் ஆகிவிட்டார்.

சினிமாக் கதை மாதிரி இருக்கிறது அல்லவா? மேரி ரயனின் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காரப் பெண்ணாக இருந்தாலும் ஜூலியாவின் படங்களில் இருப்பவர் யார் என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது.

ஏன் இலங்கை?

சார்லஸுக்கு இலங்கை மேல் தீராத ஆசை. அவர் முதலில் அங்கே போனது 1830-ல், அரசு விசாரணைக் குழுவின் உறுப்பினராக. கோல்புரூக் - கேமரூன் ஆணைக்குழு என்று இலங்கைப் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களில் இன்றும் வரும். மக்களிடம் சம்பளம் இல்லாமல் வேலை வாங்கும் 'ராஜகாரிய' முறையை ஒழிக்க வேண்டும், நீதிமன்றத்தின் முன் எல்லோரும் சமம் என்றெல்லாம் சொன்ன குழு அது. ராஜகாரியம் ஒழிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். வெள்ளைக்காரர்கள் கண்டி மலைகளில் காட்டை அழித்துக் கோப்பி பயிரிட்டார்கள். (காபியை இலங்கையில் கோப்பி என்பார்கள்.) சொந்த நிலபுலம் வைத்திருந்த சிங்களக் குடியானவர்கள் தோட்டத்தில் தங்கிக் கூலி வேலை செய்யப் பெரும்பாலும் முன்வரவில்லை. அவர்களைக் கட்டாயப்படுத்தவும் இனி வழியில்லை. எனவே துரைமார்கள் கடலைத் தாண்டிப் பார்த்தார்கள். எதிரே தெரிந்தது நம் சீமை.

சார்லஸும் இலங்கையில் ஏராளமான நிலம் வாங்கியிருந்தார். மகன்களில் நால்வர் அங்கேயே வேலையாக இருந்தார்கள். 1869-ல் கோப்பி இலைகளில் துரு நோய் தென்பட்டது. அந்தப் பூஞ்சையின் அறிவியல் பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். துரைமார்கள் அதற்கு 'நாசகார எமிலி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அடுத்த 20 ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பியின் கதை முடிந்து தேயிலை வந்தது. கேமரூன் குடும்பத்தின் வருமானம் அந்தத் தோட்டங்களை நம்பியிருந்தது. இங்கிலாந்து வாழ்க்கை கட்டுப்படியாகவில்லை. கடன் சேர்ந்தது. கிழவருக்கு எஸ்டேட்டைப் பார்க்க ஏக்கம், அம்மாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க ஏக்கம். கிளம்பிவிட்டார்கள்.

களுத்துறையில் ஒரு நூறு வயதுக்காரர்

கொழும்புக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் களுத்துறையில், அரசு வேலையில் இருந்த மகன் ஹார்டிஞ்சின் வீட்டில் தங்கினார்கள். கேமராவும் கூடவே வந்திருந்தது. ஆனால் இங்கே எல்லாமே எதிரி. கொளுத்தும் வெயிலில் கண்ணாடித் தகட்டின் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். மருந்து கிடைப்பது கஷ்டம், நல்ல தண்ணீர் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். இங்கிலாந்துப் படங்களையும் சேர்த்து அவர் எடுத்ததாக இன்று தெரிந்தவை 1,200-க்கும் மேல். அதில் இலங்கைப் படங்கள் 30-கூடத் தேறாது.

அந்த வீட்டுக்கு 1877 வாக்கில் ஒரு விருந்தாளி வந்தார். மரியான் நார்த் என்ற ஓவியர். உலகம் முழுக்கத் தனியாகச் சுற்றிச் செடி கொடிகளை வரைந்தவர். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் 1882-ல் திறந்த தனிக் கூடத்தில் அவருடைய 800-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் சுவர் தெரியாமல் நிறைந்திருக்கின்றன. இலங்கையை முடித்துக்கொண்டு மதுரை, தஞ்சாவூர் பக்கமும் வந்தவர் அவர்.

நார்த் தன் நினைவுக் குறிப்புகளில் ஜூலியாவின் வீட்டை எழுதியிருக்கிறார். சுவரெல்லாம் படங்கள், மேஜையெல்லாம் படங்கள், வீட்டுக்குள் முயல், அணில், மைனா. நார்த்தை விதவிதமாக நிற்கவைத்துப் படம் எடுத்தார் ஜூலியா. தலையை விரித்துப் போட்டு, உச்சி வெயிலில், தென்னை ஓலை மண்டையில் குத்த, முகத்தை இயல்பாக வைத்துக்கொள் என்று உத்தரவு வேறு. நார்த் சிரித்துக்கொண்டே இதை எழுதியிருக்கிறார்.

அதே குறிப்புகளில் இன்னொரு சம்பவம். உள்ளூர்க்காரர் ஒருவரின் முதுகு ஜூலியாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்படியொரு அழகான முதுகாம். இவரை விடக் கூடாது, தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள் என்று மகனிடம் பிடிவாதம் பிடித்தார். வீட்டில் தோட்டமே கிடையாது. அந்த மனிதருக்குத் தோட்டக்காரர் என்றால் என்னவென்றே தெரியாது.

வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது. எனக்கு அடுத்து வருவது ஒரு கேள்வி: அவர் பெயர் என்ன? நார்த் எழுதவில்லை. ஜூலியாவும் எழுதவில்லை.

1878-ல் எடுத்த 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற படத்தில் மூன்று பேர். அதன் கீழே ஜூலியா ஒரு குறிப்பு எழுதினார்: இந்தப் பெண்ணுக்கு 12 வயது, இந்தக் கிழவர் அவளுடைய அப்பா என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார். உறவைக் கேட்டிருக்கிறார். இரண்டையும் கைப்பட எழுதியும் வைத்திருக்கிறார். பெயர் மட்டும் இல்லை.

தோட்டத் தொழிலாளர்கள் என்று கருதப்படும் தமிழர்களின் படங்களும் அந்தச் சிறு தொகுப்பில் உண்டு. அருங்காட்சியகங்களின் பட்டியலில் அவை 'இளம்பெண், இலங்கை' என்பது போன்ற தலைப்புகளில்தான் இருக்கின்றன. டென்னிசன் முகத்துக்குக் கொடுத்த அதே வெளிச்சத்தை இந்த முகங்களுக்கும் ஜூலியா கொடுத்தார். அதில் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் காலனி நாட்டு மக்களைப் படம் எடுத்த பலர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்தார்கள். ஜூலியா அப்படிச் செய்தவர் இல்லை. ஆனால் லண்டனில் பிச்சை எடுத்த சிறுமிக்குக் கிடைத்த பெயர், இந்த இளம்பெண்ணுக்குக் கிடைக்காமல் போனதும் உண்மை.

தாது வருஷம்

ஜூலியா இலங்கையில் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கடலுக்கு இந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம். தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளின் கதையாக மதுரைக்காரர்கள் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள். அதையும் ஒரு கேமரா பதிவு செய்தது. ராணுவ அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த அந்த எலும்புக்கூட்டு மனிதர்களின் படங்கள் இன்றும் பார்க்க முடியாதவை. படம் எடுத்தாரே ஒழிய அவர்களுக்கு என்ன செய்தார் என்று அன்றே கண்டனம் எழுந்தது.

பசியில் சனங்கள் கண்டிச் சீமைக்குக் கிளம்பினார்கள். 1877 என்ற ஒரே ஆண்டில் இலங்கைக்குப் போனவர்கள் மட்டும் லட்சத்துக்கும் மேல். அன்றைய மதுரை ஜில்லா பெரியது. இன்றைய மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் அதற்குள் அடக்கம். கிராமத்துக்குக் கங்காணி வருவார், முன்பணம் கொடுப்பார், கூட்டம் சேர்ப்பார். அந்த முன்பணம் கடைசிவரை கழுத்தில் கிடக்கும் கடனாகிவிடும்.

இன்று காளவாசலில் ஒரு கார் பிடித்தால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ராமேஸ்வரம். அவர்கள் நடந்தே போனார்கள். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் என்று கரையோர ஊர்களில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். பிறகுதான் கொடுமையே. மன்னாரிலிருந்து மாத்தளை வரை கிட்டத்தட்ட 150 மைல், தண்ணீர் அருகிய காட்டுவழி. காலரா, வயிற்றுப்போக்கு, அம்மை. நடக்க முடியாதவர்கள் பாதையோரத்திலேயே விடப்பட்டார்கள். பிழைத்து மலையேறியவர்களைப் பத்தடி அறைகள் வரிசையாக இருக்கும் 'லய'ங்களில் அடைத்தார்கள்.

இந்தியாவையும் இலங்கையையும் ரயிலும் கப்பலுமாக இணைத்த போட் மெயில் வந்தது 1914-ல். அதற்கு முந்தைய காலத்தில் ஏராளமானோர் நடந்தது இந்தப் பாதையில்தான்.

மரியாள் கோயில் கல்லறை

மகன்களின் தோட்டங்கள் மலைமேல் இருந்ததால் கேமரூன் தம்பதி களுத்துறைக்கும் மலைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். 1879 தொடக்கத்தில் டிக்கோயா பள்ளத்தாக்கில் க்ளென்கெய்ன் எஸ்டேட் பங்களாவில் ஜூலியாவுக்கு உடம்பு முடியாமல் போனது. மார்புச்சளி. ஜனவரி 26-ம் தேதி உயிர் பிரிந்தது. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டே 'அழகு' என்று சொன்னார், அதுதான் கடைசி வார்த்தை என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் மலைப்பாதை வழியாக உடலைக் கொண்டுபோனார்கள் என்பதும் குடும்ப நினைவுதான். அடக்கம், பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில். ஒன்றேகால் ஆண்டு கழித்து, 1880 மே மாதம், 85 வயதில் சார்லஸும் அங்கேயே வந்து சேர்ந்தார்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் போனால் பொகவந்தலாவை. சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. தேயிலையின் பொன் பள்ளத்தாக்கு என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆங்கிலிகன் திருச்சபையின் சின்னஞ்சிறு ஆலயம். மலையகத்தில் இப்படிப்பட்ட சிற்றாலயங்கள் பல இருக்கின்றன. டிக்கோயாவின் வார்லி தேவாலயம் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை துரைமார்கள் குதிரையில் வந்து கூடிய இடங்கள். இன்று துரைமார்கள் இல்லை.

ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் பிரிட்டிஷ் தோட்டக்காரர்களின் பழைய கல்லறைகளுக்கு நடுவே கேமரூன்களும் இருக்கிறார்கள். பிரம்மாண்டம் ஏதும் கிடையாது. டார்வினை உட்காரவைத்துப் படம் எடுத்தவர், இந்தியாவுக்குத் தண்டனைச் சட்டம் வரைந்தவர் என்று தெரியாதவர்கள் நின்று பார்க்காமலே கடந்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் உலகின் ஏதேதோ மூலையிலிருந்து தேடிக்கொண்டு வருகிறார்கள். பெயரும் தேதியும் ஓர் இடமும் இருப்பதால் 140 ஆண்டுகளுக்குப் பிறகும் தேடிவர முடிகிறது.

சுற்றியுள்ள மலைகளில் அடக்கமானவர்களை அப்படித் தேட முடியாது. தோட்டத்தில் செத்தவர்களைப் பெரும்பாலும் தோட்டத்திலேயே புதைத்தார்கள். மேலே கல் கிடையாது. பிறகு செடிதான் முளைத்தது. தேயிலைத் தூரின் அடியில் உரமாகிப்போன முன்னோர்களைப் பற்றி மலையகக் கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையே எழுதினார். 1947-ல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர் அவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், அவருக்கு வாக்களித்த மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். யார் இங்கே, யார் அங்கே என்று 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டார்கள். அப்படி வந்து நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் நம் ஊர்களிலும் குடியேறியவர்களின் பிள்ளைகள் இந்தக் கட்டுரையைப் போனில் படித்துக்கொண்டிருக்கலாம். எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கலைப் பெருமளவு தீர்த்த சட்டம் இலங்கையில் வந்தது 2003-ல்.

அந்தப் பெண் யார்? 'இளம்பெண், இலங்கை' என்று பட்டியலில் இருக்கும் அவர் தாது வருஷத்தில் தோணி ஏறியவரா, அதற்கு முன்பே போனவரின் மகளா? அவர் மதுரை ஜில்லாக்காரராகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. பெயர் தெரிந்திருந்தால், எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்டுப் பார்க்க ஒரு நூல் நுனியாவது கிடைத்திருக்கும். படம் கிடைத்த அளவுக்கு அவர் கொடுத்துவைத்தவர்தான். பாதையோரத்தில் விழுந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

மலையகத் தமிழர்கள் போய் 200 ஆண்டு ஆனதை ஒட்டி 2023 ஜூலை கடைசியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் கிளம்பியது. முன்னோர்கள் நடந்த அதே வடக்குப் பாதையில், அவர்கள் விழுந்த காட்டுவழியே நடந்து, ஆகஸ்ட் 12-ல் மாத்தளையில் முடித்தார்கள். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் நடந்தார்கள். வழியில் நின்று அஞ்சலி செலுத்த வேண்டியிருந்தது. எந்த இடத்தில் யார் விழுந்தார் என்று காட்ட ஒரு கல்கூட இல்லாததால், பாதை முழுவதற்குமாகச் சேர்த்துச் செலுத்திவிட்டு நடந்தார்கள்.

ஜூலியாவின் இலங்கைப் படங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையதளங்களில் இருக்கின்றன, காசு கேட்க மாட்டார்கள். போனில் விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். களுத்துறைப் படத்தின் கீழே அந்த அம்மாளின் கையெழுத்து தெரியும். 12 வயது, நூறு வயது.